எதிர்க்கரையின் குரல்

நண்டுத்திட்டு கடற்பசு நிலையம். பணியில் நான் ஒருத்தி மட்டும்.

4 மார்ச் 2071, காலை 6.10
கடல் அமைதி. நீருக்கடியில் ஒலிபெருக்கி பெண் கடற்பசுவின் குரலைப் பரப்புகிறது. கிழக்கிலிருந்து பதில் வந்தது. பதில் வந்துகொண்டிருக்கும் வரை விரிகுடாவில் வலை போடத் தடை, அதுதான் விதி.

சவரிமுத்து இன்றும் புலம்பினார். தடையால் ஆறு வருடமாக வலையைச் சுருட்டி வைத்துவிட்டு எனக்குத் தண்ணீர்க் கேன் சுமக்கிறவர். யாரும் கண்ணால் பார்க்காத விலங்கைக் காட்டி அவரை எப்படிச் சமாதானப்படுத்துவது?

9 மார்ச், மாலை 5.40
ஒலிபெருக்கி கேபிளில் உப்புநீர். இரண்டு நாளாக ஊமை. கழற்றித் துடைத்தே சலித்துவிட்டது.

எதிர்க்கரையில், மன்னார்ப் பக்கம், இதே வேலை பார்க்கும் தர்ஷிகா வானொலியில் வந்தாள். ஆய்வுத் தகவல் எதையும் பகிர இரு அரசுகளும் எங்களை விடுவதில்லை. நலம் விசாரிப்போம், அவ்வளவுதான். இன்று அழுதாள்.

"அக்கா, உங்கட பக்கத்துக் கடற்பசு ரெண்டு நாளாக் கூப்பிடேல்ல. செத்துப்போச்சு போல."

அங்கேயும் ஒலிபெருக்கி உண்டா என்று கேட்டேன். உண்டாம். இரண்டையும் நிறுத்திப் பார்க்கலாம் என்றேன்.

17 மார்ச், பகல் 12.00
ஒரு வாரம் இரண்டு கரையிலும் நிறுத்திவிட்டுக் கேட்டோம். ஒன்றுமில்லை. ஆறு வருடமாக இரண்டு பெட்டிகள் ஒன்றையொன்று கூப்பிட்டிருக்கின்றன. அதை நம்பி ஓர் ஊரையே பட்டினி போட்டிருக்கிறோம். வெட்கக்கேடு.

இன்னும் ஒரு மாதம் பொறுக்கச் சொன்னாள் தர்ஷிகா. எனக்குத் தெம்பில்லை. இங்கே கடற்பசு இல்லை, திட்டத்தைக் கைவிடலாம் என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டேன்.

2 ஏப்ரல், காலை 7.30
தடை நீங்கியது. விடியுமுன்பே படகுகள் கிளம்பிவிட்டன. போகிற போக்கில் சவரிமுத்து கையசைத்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சாமான்களைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

2 ஏப்ரல், 11.15
சவரிமுத்து, படகிலிருந்து வானொலியில்:

"மேடம், வலையில ஆவுளியா மாட்டிக்கிச்சு. மூச்சு இல்ல."

கடற்பசுவுக்கு இந்தக் கரையில் அதுதான் பெயர். பிறகு வெறும் இரைச்சல்.

"குட்டி ஒண்ணு படகையே சுத்திச் சுத்தி வருது மேடம். என்ன செய்ய?"

இங்கேயேதான் இருந்திருக்கிறது. எங்கள் பெட்டிகளுக்கு அது ஏன் பதில் சொல்ல வேண்டும்? துணை தேடுகிறதுதான் தூரத்துக்குக் குரல் கொடுக்கும். இதற்குக் குட்டி பக்கத்திலேயே இருந்தது.

11.22
மூன்றாவது தடவையாகக் கேட்கிறார். வானொலிப் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கிறேன்.