மூன்று முறை கேட்டாயிற்று

நெதன்யா
4 செப்டம்பர் 2022

அன்புள்ள ஹெட்வாவுக்கு,

என் போனை நீ எடுப்பதில்லை. அதனால் பேனாவை எடுத்தேன். சௌக்கியமா? நம் வீட்டுப் பால்கனி மாதுளை பழுக்கும் நேரம். இந்த வாடகை அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு ஏசிப் பெட்டிதான் தெரிகிறது.

யோம் கிப்பூர் பாவமன்னிப்பு நோன்புக்குள் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், கேட்கிறேன். காசு கொடுத்துப் பெண்ணிடம் போய் மறுபடியும் மாட்டிக்கொண்டது என் தப்புதான். போன வருஷம் அபராதத்துக்குப் பதிலாக ஒருநாள் திருத்த வகுப்போடு விட்டார்கள். இரண்டாம் தடவை என்பதால் இப்போது வழக்கு. பண்டிகைகள் முடிந்ததும் விசாரணை. வக்கீல் சொல்கிறார், "உங்க வீட்டம்மா முன்வரிசையில வந்து உக்காந்தாலே போதும், நீதிபதி மனசு இளகும்." வருவாயா?

உன் அம்னோன்

ஹைஃபா
13 செப்டம்பர்

அம்னோன்,

நலம். மாதுளை பழுத்துவிட்டது. கீழ்வீட்டு ஜூலியட் உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "என்னடி, இந்த வயசுல காதல் கடுதாசியா? எனக்கு ஒருத்தன் எழுதினா பல்செட்டை மாட்டிக்கிட்டுப் படிப்பேன்" என்றாள். வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தேன்.

அந்த வகுப்பு முடிந்து நீ வந்த மாலை நினைவிருக்கிறதா? அந்தத் தொழிலிலிருந்து மீண்ட ஒரு பெண் பேசினாள் என்று சொல்லி அழுதாய். நான் சூப்பைச் சூடாக்கினேன். அழுதது போதும் என்று இரண்டு பேருமே நினைத்துவிட்டோம்.

இப்போது மன்னிக்க மனம் வரவில்லை. இரத்த அழுத்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதே.

ஹெட்வா

நெதன்யா
20 செப்டம்பர்

ஹெட்வா,

மாத்திரை போடுகிறேன். இரண்டாவது முறையாகக் கேட்கிறேன், மன்னித்துவிடு. நீதிமன்றத்தில் நீ பேசக்கூட வேண்டாம். அந்த நீல உடையில் வந்து உட்கார்ந்தால் போதும்.

அம்னோன்

நெதன்யா
29 செப்டம்பர்

ஹெட்வா,

நம் யூதப் புத்தாண்டு வாழ்த்துகள். ஆப்பிளைத் தேனில் தொட்டுத் தனியாகத் தின்றேன்.

இது மூன்றாவது முறை. நம் மத வழக்கப்படி மூன்று முறை கேட்டும் மனம் இரங்காவிட்டால் குற்றம் கேட்டவன் மேல் இல்லை என்பது உனக்கும் தெரியும். என் பக்கம் முடிந்தது. நீ வருவாய் என்று வக்கீலிடம் சொல்லிவிட்டேன்.

அம்னோன்

ஹைஃபா
6 அக்டோபர்

அன்புள்ள அம்னோன்,

நேற்று நோன்பு முடிந்தது. அதற்கு முன்பே உன்னை மன்னித்துவிட்டேன். கணக்குக்காக அல்ல, அந்தக் கோபத்தைச் சுமந்துகொண்டு திரிய எனக்கு அலுத்துவிட்டது.

பிரார்த்தனையில் நின்றபோது உன் கடிதங்கள்தான் மனதில் ஓடின. அவற்றில் நான் இருக்கிறேன், நீதிபதி இருக்கிறார், என் நீல உடைகூட இருக்கிறது. அந்தப் பெண் 'பெண்' என்று ஒரே ஒரு இடத்தில் வந்து போகிறாள். அவளிடமும் கேட்டாயா என்று எழுத நினைத்தேன். யாரென்று விசாரித்துப் போவாய்? பெயரே தெரியாதே உனக்கு.

முன்வரிசையில் நான் உட்கார்ந்தால், இது புருஷன் பெண்டாட்டி விவகாரம், வீட்டோடு தீர்ந்துவிட்டது என்று ஆகிவிடும். அப்படி இல்லை. அதனால் நீதிமன்றத்துக்கு வரமாட்டேன். வக்கீலிடம் நீயே சொல்லிவிடு. பண்டிகைகள் முடிந்ததும் மணவிலக்குக்கு எழுதிப் போடப் போகிறேன்.

நோன்பு முடிந்ததும், அடுத்து வரும் பண்டிகைக்கான பந்தலுக்கு முதல் ஆணி அடிப்பது எப்போதும் நீதான். நேற்று நான் ஏறினேன். ஜூலியட் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "மெதுவாடி! விழுந்தா தூக்க வீட்ல ஆம்பளை இல்ல" என்றாள். "இருந்தப்ப மட்டும் தூக்கிட்டானா?" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் ஏணியே ஆடியது.

ஆணி கொஞ்சம் கோணல்தான். ஆனால் பந்தல் நிற்கிறது. இன்று காலை அதன் நிழலில் காப்பி குடித்தபடி இதை எழுதினேன். சீமைமாதுளை ஜாம் ஒரு பாட்டில் தனியாக அனுப்புகிறேன், மாத்திரைக்கு முன் ஏதாவது சாப்பிடு.

ஹெட்வா