பிரேமலா யாரையும் மோத வரவில்லை

அனுப்புநர்:
ஜெய்புன்னிசா பிந்தி மதார் சாகிபு,
செயலாளர், ஆற்றோரக் கப்சாய் மோட்டார் சைக்கிள் கழகம்
(மற்ற நேரங்களில் ரொட்டிக் கடைக்காரி),
அசாம் ஜாவா, கோலா சிலாங்கூர்.

பெறுநர்:
திரு. சுப்பிரமணியம் அவர்கள்,
வட்டார அதிகாரி,
பொது இடப் பராமரிப்புப் பிரிவு, வட சிலாங்கூர் கிளை.

பொருள்: சுங்கை மெலாத்தித் தோட்டத் திடலில் ஜூலை 27ஆம் நாள் நடந்தது குறித்த தங்கள் அறிக்கையில், எங்கள் உறுப்பினர் பிரேமலாவின் மேல் சுமத்தப்பட்ட குற்றத்தை நீக்கவும், திடலின் சங்கிலியை அவிழ்க்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

விதிப்படி இம்மனுவின் மலாய்ப் பிரதியை இணைத்துள்ளேன். ஆயினும் தாங்கள் தமிழ்ப் பிரதியையே முதலில் படிக்க வேண்டுகிறேன். மலாயில் எழுதும்போது நான் மிகவும் பணிவானவளாகி விடுகிறேன். இந்த விஷயத்தில் அவ்வளவு பணிவு எனக்கு வரவில்லை.

1. எங்கள் கழகத்தில் இருபத்து மூன்று பேர் இருக்கிறோம். கழகம் என்றதும் கறுப்புத் தோல் சட்டை, கர்ஜிக்கும் பெரிய வண்டி என்று தங்கள் மனக்கண்ணில் ஏதாவது ஓடினால் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளவும். எங்களிடம் இருப்பவை கப்சாய். சந்தைக்குப் போய், முன்கூடையில் கங்கோங் கீரையும் பின்னால் சமையல் கேஸ் தோம்புமாகத் திரும்பி வரும் அதே சிறிய வண்டிகள். உறுப்பினர்களின் வயதை எழுத அவர்கள் அனுமதிக்கவில்லை. என் வயது ஐம்பத்திரண்டு. எடையைத் தாங்கள் கேட்கவில்லை.

2. தங்கள் அறிக்கையின் முதல் குற்றச்சாட்டு, “அனுமதியின்றி மோட்டார் சைக்கிள் பந்தயம் நடத்தினர்” என்பது. நடத்தினோம். மாதக் கடைசி ஞாயிறுதோறும் காலையில் நடத்துகிறோம். ஆனால் அந்தப் பந்தயத்தின் விதி என்ன என்று அறிக்கை எழுதியவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. தோட்ட மண்டபத்துக்குப் பின்னால் உள்ள சிமெந்துத் திடலில் இந்த முனையில் ஒரு கோடு, அந்த முனையில் ஒரு கோடு. இடையில் ஆளுக்கு ஒரு குறுகிய பாதை. பாதையின் ஓரங்களில் என் கடையின் காலி எண்ணெய்த் தகரங்கள். கால் தரையில் பட்டால் ஆட்டத்திலிருந்து வெளியே. தகரத்தில் இடித்தாலும் வெளியே. மறுகோட்டை எல்லாருக்கும் கடைசியாகத் தொடுபவரே வெற்றியாளர். பரிசு இரண்டு கிலோ கிராங் சிப்பி. ஐயா, மெதுவாக வருபவருக்குப் பரிசு கொடுக்கும் பந்தயத்தை நடத்தியதற்காக இந்நாட்டில் மாட்டிக்கொண்டவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

வேகமாக ஓட்ட எந்தக் கழுதைக்கும் வரும். மெதுவாக ஓட்டத்தான் கண்ணும் கையும் இடுப்பும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். எங்களுக்குச் சொல்லித் தருபவர் வீரன். சுங்கை பஞ்சாங் வரைக்கும் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பவர். வாய் பெரிது, பொறுமை சிறிது. “யக்கா, டயர ஏன் பாக்குறீங்க? அது எங்கயும் ஓடிப் போவாது. தூரமா பாருங்க லா!” என்று அவர் என்னைப் பார்த்துக் கத்துவது பக்கத்துச் செம்பனைக் காட்டில் உள்ள ஆந்தைகளுக்கும் இப்போது மனப்பாடம். சத்தத்தைப் பற்றிய தங்கள் புகாரை இந்த ஓர் இடத்தில் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சத்தம் எந்த இஞ்சினிலிருந்தும் வரவில்லை.

3. இரண்டாவது குற்றச்சாட்டு, நாங்கள் ஒரே நிறச் சட்டை அணிந்த “குண்டர் கும்பல்” என்பது. நாங்கள் அணிவது மஞ்சள் நிற மேலங்கி. செம்பனைக் குலை ஏற்றி வரும் லோரிக்காரரின் கண்ணில் படுவதற்காக அணிகிறோம். குண்டர்கள் கண்ணில் படாமல் இருக்கத்தான் விரும்புவார்கள் என்று கேள்வி.

தாங்கள் சான்றாக அனுப்பிய படத்தில், வலது ஓரத்தில் நாக்கை நீட்டிக்கொண்டிருப்பது நான். அதன் கீழே “அதிகாரியைக் கேலி செய்யும் உறுப்பினர்” என்று எழுதப்பட்டுள்ளது. மெதுவாக ஓட்டும்போது என் நாக்கு தானாக வெளியே வரும். ரொட்டி வீசும்போதும் வரும். இருபது வருடமாக எந்த வாடிக்கையாளரும் இதைத் தம்மைப் பற்றிய விமர்சனமாக எடுத்துக்கொண்டதில்லை.

4. இனி சிரிப்பதற்கு எதுவும் இல்லாத செய்திக்கு வருகிறேன்.

பிரேமலா சுங்கை மெலாத்தித் தோட்டத்தில் இருக்கிறார். தஞ்சோங் காராங்கில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. விடியற்காலை ஷிப்ட்டுக்கு அந்தப் பாதையில் பேருந்து கிடையாது. வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான். சென்ற ஆண்டு மழைக்காலத்தில், முன்னே போன லோரியிலிருந்து ஒரு செம்பனைக் குலை சாலையில் விழுந்தது. பிரேமலா பதறிப்போய் முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தார். ஈரச் சாலையில் சக்கரம் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். கால் கூடிவிட்டது. பயம் மட்டும் போகவில்லை. பின்னால் லோரி வந்தாலோ யாராவது கத்தினாலோ இரண்டு கையையும் வண்டியிலிருந்து எடுத்துவிடுவார்.

கால் கூடி வண்டியை மறுபடி எடுத்த நாளிலிருந்து அவர் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் எங்களில் ஒருவர் முன்னேயும் ஒருவர் பின்னேயும் போகிறோம். முறை வைத்துக்கொண்டிருக்கிறோம், வியாழக்கிழமை என்னுடையது. ஒருநாள் அவரே சொன்னார்: “எத்தன நாளைக்கு யக்கா என்னைக் கல்யாண ஊர்வலம் மாதிரி கூட்டிட்டுப் போவீங்க? எனக்கே வெக்கமா இருக்கு.” அதற்குப் பிறகுதான் ஞாயிறுதோறும் திடலில் அவருக்குப் பிரேக் பிடிக்கும் பயிற்சி தொடங்கியது. இரண்டு பிரேக்கையும் சேர்த்து, மெல்ல ஆரம்பித்து, பிறகு அழுத்தி, கண்ணைத் தாழ்த்தாமல். வீரன் வேண்டுமென்றே குறுக்கே வந்து கத்துவார். பிரேமலா கையை விட்டுவிடுவார், வண்டி சாயும், நாங்கள் பிடிப்போம். வாரா வாரம் இதுதான்.

5. ஜூலை 27ஆம் நாள் நடந்தது இது. பந்தயத்தில் பன்னிரண்டு பேர். பதினோரு பேர் மறுகோட்டைத் தொட்டுவிட்டோம், அதாவது தோற்றுவிட்டோம். பிரேமலா மட்டும் திடலின் நடுவில் எறும்பு போல வந்துகொண்டிருந்தார். அப்போது தங்கள் அமலாக்க அதிகாரி வந்து, “சியாப்பா மெனாங்?” என்று கேட்டார். யார் ஜெயித்தது என்று கேட்டதால், நாங்கள் பதினோரு பேரும் ஒரே நேரத்தில், இன்னும் வந்து சேராத பிரேமலாவைக் கைகாட்டினோம். அதிகாரியின் முகம் சிவந்துவிட்டது. “ஒத்துழைக்க மறுத்தனர்” என்று அவர் எழுதிய இடம் இதுதான். ஐயா, அதைவிடச் சரியான பதிலை அந்தக் கேள்விக்கு யாராலும் சொல்லியிருக்க முடியாது.

கோபம் கொண்ட அவர் பிரேமலாவின் பாதையில் திடீரென்று குதித்து நின்று விசில் ஊதினார். வீரன் கத்தினார்: “கைய விடாத பிரேமலா! ரெண்டு பிரேக்கும்! ரெண்டும்!” நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது வண்டி நின்றிருந்தது. பிரேமலாவின் கை வண்டியில் இருந்தது. முன் சக்கரத்துக்கும் அதிகாரியின் பூட்சுக்கும் இடையே ஒரு ரொட்டி சானாய் வைக்கும் அளவு இடம் இருந்தது. அதற்குப் பிறகுதான், வண்டி நின்ற பிறகுதான், அதிகாரி பின்னால் நகர்ந்து எண்ணெய்த் தகரத்தில் கால் தடுக்கி உட்கார்ந்தார்.

பிரேமலா முதலில் கேட்ட கேள்வி, “யக்கா, நான் கால் ஊனிட்டேனா?” என்பது. ஊன்றியிருந்தார். விதிப்படி அவர் ஆட்டத்திலிருந்து வெளியே. ஆனாலும் கிராங்கை அவருக்கே கொடுத்தோம். அன்று நாங்கள் செய்த ஒரே விதிமீறல் அதுதான். வேண்டுமானால் அறிக்கையில் சேர்த்துக்கொள்ளவும்.

அறிக்கையோ, “பெண் உறுப்பினர் ஒருவர் வேண்டுமென்றே அதிகாரியை மோத வந்தார், அவரது ஓட்டுநர் உரிமத்தை ரத்து செய்யப் பரிந்துரைக்கப்படுகிறது” என்கிறது. மோத வந்தவர் எதற்காகப் பிரேக் பிடிக்க வேண்டும்? இந்த ஒரு கேள்வியை அலுவலகத்தில் யாருமே கேட்கவில்லையா? உரிமம் போனால் பிரேமலாவுக்கு வேலை போகும். பல மாதமாக அவர் கற்றுக்கொள்ள முயன்ற ஒன்றை முதல்முறை சரியாகச் செய்த அந்தக் கணத்துக்கே தாங்கள் தண்டனை எழுதியிருக்கிறீர்கள். உறுப்பினர் ஒருவர் கைப்பேசியில் எடுத்த காணொளியை இணைத்துள்ளேன். ஒலியைக் குறைத்துவிட்டுப் பார்க்கவும், வீரன் பேசுகிறார்.

6. புகார் கொடுத்தவரின் பெயரைத் தங்கள் அலுவலகம் சொல்ல மறுத்தது. தேவையில்லை. அசாம் ஜாவாவில் ரொட்டிக் கடை வைத்திருப்பவளுக்குத் தெரியாத பெயர் கிடையாது. புறம் பேசும் பழக்கம் எனக்கில்லை என்று இங்கே எழுத நினைத்தேன். தங்கள் ஊழியர்களில் இருவர் என் கடையில் பசியாறுவதால் எழுதவில்லை.

அவர் திரு. அப்பளசாமி. விசேஷங்களுக்குப் பந்தல் வாடகைக்கு விடுபவர். முன்பு எங்கள் உறுப்பினர். மூன்று மாதம் தொடர்ந்து முதலாவதாக வந்து மூன்று மாதமும் தோற்றார். மெதுவாக ஓட்ட அவருக்குக் கடைசி வரை வரவில்லை. நான்காம் மாதம் ஆளே வரவில்லை. இப்போது அந்தத் திடல் அவருக்குப் பந்தல் துணி காயப்போட வேண்டியிருக்கிறது. என் கடையிலேயே உட்கார்ந்து, நான் கலக்கிய தே தாரிக் டீயையே குடித்துக்கொண்டு சொன்னார்: “ஞாயித்துக்கெழமயானா மோட்டார் சத்தம் யக்கா. மனுசனுக்கு நிம்மதி இல்ல லா.” அவர் பந்தலோடு இலவசமாகக் கொடுக்கும் ஒலிபெருக்கியின் சத்தம் கலும்பாங்கிலிருந்து கடல் வரைக்கும் கேட்கும். திடலைச் சங்கிலியால் பூட்டிய தங்கள் அலுவலகம், சாவியைப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அவரிடமே கொடுத்திருக்கிறது. பூனையிடம் கருவாட்டைக் காவலுக்குக் கொடுத்ததற்குத் தனியாக ஒரு மனு எழுதலாம், இப்போது நேரமில்லை.

7. சென்ற சனிக்கிழமை பிரேமலாவை வேலையிலிருந்து அழைத்துக்கொண்டு ஐந்து பேராக வந்துகொண்டிருந்தோம். ஒரு வளைவில் சாலையில் மணல் கொட்டிக் கிடந்தது. எங்களுக்கு முன்னே போன ஒரு வண்டி சறுக்கி விழுந்தது. அப்பளசாமி. வழக்கம்போல வேகமாகத்தான் வளைந்தார். எங்கள் கழகத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: விழுந்தவர் யார் என்று பிறகுதான் பார்க்க வேண்டும். வீரன் ஓடிப்போய், “ஹெல்மெட்ட யாரும் கழட்டாதீங்க! கழுத்த ஆட்டாதீங்க!” என்று கூட்டத்தை விலக்கினார். வரிசையில் கடைசியாக வருபவர், விளக்கை மின்னவிட்டு வண்டியைப் பின்னால் தள்ளி நிறுத்தி, வரும் லோரிகளைத் தடுக்க வேண்டும் என்பது முறை. அன்று கடைசி இடத்தைத் தாமே கேட்டு வாங்கி வந்தவர் பிரேமலா. இடத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கக்கூட எங்களுக்கு நேரமில்லை. லோரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. பிரேமலா மஞ்சள் மேலங்கியோடு சாலை ஓரத்தில் கையை உயர்த்தி நின்றார். லோரி நின்றது.

அப்பளசாமிக்குக் கையில் மாவுக்கட்டு, வேறு ஆபத்தில்லை. மறுநாள் நான் ஆட்டெலும்பு சூப் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுச் சாவியைப் பற்றிக் கேட்டேன். சூப்பை முழுதும் குடித்துவிட்டு, “அது வேற, இது வேற யக்கா” என்றார். சாவிக்காக நாங்கள் அவரைத் தூக்கவில்லை, ஆகவே ஏமாற்றமில்லை. எரிச்சல் உண்டு.

8. வேறு இடம் பார்க்கக் கூடாதா என்று தாங்கள் கேட்கலாம். பார்த்தோம். பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் காவலாளி துரத்தினார். பந்துத் திடலில் புல் வழுக்குகிறது. தோட்டப் பாதையில் லோரி போகிறது. பயத்தைப் போக்கக் கற்றுக்கொள்பவரை, எதைக் கண்டு பயப்படுகிறாரோ அதன் சக்கரத்துக்கு அடியிலேயே போய்க் கற்கச் சொல்வது முறையாகாது.

ஆகவே, பிரேமலாவைப் பற்றிய பத்தியையும் உரிமத்தைப் பற்றிய பரிந்துரையையும் அறிக்கையிலிருந்து முழுதும் நீக்க வேண்டும். திருத்துவது போதாது. திடலைத் திறந்து, சாவியைத் துணி காயப்போடாத யாரிடமாவது கொடுக்க வேண்டும். எண்ணெய்த் தகரம் என்னுடையது. அதிகாரி விழுந்ததற்காக அந்தத் தகரத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வேறு எதற்கும் நாங்கள் மன்னிப்புக் கேட்பதாக இல்லை.

ஆகஸ்ட் 25ஆம் நாள் விசாரணைக்குப் பிரேமலா வருவார், தம் வண்டியிலேயே. அன்று அவருக்கு முன்னேயும் பின்னேயும் யாரும் வரக் கூடாது என்று எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாங்கள் முன்கூட்டியே வந்து தங்கள் வாசலில் நிற்போம். அலுவலக முற்றத்தில் தாங்களே சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போடுங்கள். விசிலையும் தாங்களே ஊதுங்கள், எப்போது வேண்டுமானாலும். அவர் சக்கரம் கோட்டைத் தாண்டினால் தங்கள் விருப்பம்போல எழுதிக்கொள்ளலாம். தாண்டாவிட்டால் அந்தப் பத்தியை எங்கள் கண்ணெதிரில் கிழிக்க வேண்டும்.

அவர் மோத வருபவர் என்று நம்புகிறவர் யாரும் அந்தக் கோட்டுக்குப் பின்னால் நிற்கத் துணியமாட்டார். ஆகவே அங்கே நான் நிற்கிறேன். இவ்வளவு அகலமான ஆள் தங்கள் அலுவலகத்தில் வேறு யாரும் இல்லை. குறி தவறியது என்று பிறகு ஒருவரும் சொல்ல முடியாது.

தங்கள் முற்றத்தில் சந்திக்கும் வரை,

(ஒப்பம்)
ஜெய்புன்னிசா பிந்தி மதார் சாகிபு
செயலாளர்

இடம்: அசாம் ஜாவா
நாள்: 12.8.2025

இணைப்பு: மலாய்ப் பிரதி, காணொளி, உறுப்பினர் இருபத்து மூவரின் கையொப்பம்.