டீசல் மண்ணும் சூட்சும ஜீவிகளும்

அக்டோபர் 6, திங்கள்

காலையில் வெயில், மூன்று மணிக்கு இடி. மழை இல்லை. வராமல் இருக்கட்டும்.

வொர்க்‌ஷாப் பின்னால் மண்ணைக் கிளறியாயிற்று. தார்ப்பாயில் இடுப்பளவுக் குவியல். டீசல் ஊறிய மண், சாணம், மரத்தூள், கொஞ்சம் யூரியா. காலேஜிலிருந்து வருகிற பிந்து டீச்சர் ஈரப் பக்குவத்தை அரை மணி நேரம் விளக்கினார். பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். புட்டு மாவு என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம்.

என் வீட்டுக்காரர் செல்லத்துரை, லாரி மெக்கானிக், எட்டிப் பார்த்து, "புட்டு வெந்துட்டா?" என்றார்.

"வெந்துட்டு. பழம் இல்ல, கிரீஸ் தொட்டுக்கிடுங்க."

சிரித்தோம். வொர்க்‌ஷாப்புக்காகப் புதைத்து வைத்த டீசல் டிரம் எத்தனை நாளாக ஒழுகியதோ. குழியில் இன்னும் பாதி மண் கிடக்கிறது. குவியல் சுத்தமாகிறது என்று தெரிந்தால்தான் மீதியையும் தோண்டி இப்படி வைக்கலாமாம். அதற்குள் பெருமழை வந்தால் டீசல் கீழே இறங்கும். கீழே பத்தடியில் பக்கத்து வீட்டு ஓமனச் சேச்சியின் கிணறு.

போன மாதச் சோதனையில் கிணற்றில் ஒன்றும் இல்லை. காலேஜில் சும்மா எல்லாக் கிணற்றையும் பார்க்கிறார்கள் என்று சேச்சியிடம் புளுகினேன். உண்மையைச் சொல்லச் சொன்னார் டீச்சர். சொல்லவில்லை.

அக்டோபர் 8, புதன்

மேகம். துணி காயவில்லை. வாங்க: சோப்பு, நல்லெண்ணெய், செ.க்கு இருமல் மருந்து.

டீச்சர் சொன்னது: "மண்ணிலெ சூட்சும ஜீவிகள் உண்டு சேச்சி. அவர் டீசல் தின்னோளும்."

அவை டீசலைத் தின்றுவிடுமாம். சூட்சுமம் உள்ள ஜீவி என்றால் மண்புழுதான், வேறு யார்? துண்டாக வெட்டினாலும் நெளிந்து தப்பிக்கும். வாழை மூட்டிலிருந்து முப்பது பிடித்துக் குவியலில் விட்டேன். "உங்களைவிட புத்தியுள்ள ஆளுகளை வேலைக்கு வச்சிருக்கேன்" என்று செ.யிடம் சொன்னேன்.

சாயந்திரம் பார்த்தால் பாதி புழு ஓட்டம். மூன்று சாவு. குவியலில் வெள்ளைப் பூஞ்சை, கெட்ட வாடை. பயம்.

அக்டோபர் 9, வியாழன்

ஓ. சேச்சியின் மகள் பிரசவத்துக்கு வந்துவிட்டாள். எட்டு மாதம்.

ஹெல்த்திலிருந்து வந்த பெண் கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் கொடுத்துப் போனாள். "மழைக்காலமாணு, வெள்ளத்தில் அணு வரும்." தண்ணீரில் கிருமி வருமாம். எங்களுக்கு பைப்புத் தண்ணீர். தன் கிணற்றுக்குப் போட்ட மிச்சத்தை சேச்சி மதில் மேல் நீட்டினார்: "எடீ புஷ்பே, நின்றெ கக்கூஸ் கழுகிக்கோ."

அணு! புழுவைக் கொன்றது அதுதான். வாடையும் அதுதான். முழுவதையும் கரைத்துக் குவியலில் ஊற்றினேன். வாடை போயிற்று. நிம்மதி.

அக்டோபர் 13, திங்கள்

தூறல்.

டீச்சர் வந்தார். நீளத் தெர்மாமீட்டரைக் குவியலில் குத்தினார். போன வாரம் இருந்த சூடு இல்லை. மோந்து பார்த்தார்.

"இதில் எந்தா ஒழிச்சது?"

"அணு வந்துட்டு டீச்சர். பிளீச்சிங் ஊத்திக் கொன்னாச்சு. இனி உங்க ஜீவிகளுக்குத் தொந்தரவே இல்ல."

தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "சேச்சி, ஆ ஜீவியாணு அணு."

மலையாளத்தில் சூட்சுமம் என்றால் புத்தி இல்லையாம், கண்ணுக்குத் தெரியாத சிறிசாம். புழுவுக்கு இங்கே வேலையே இல்லை. மண்ணில் முதலிலேயே கிடக்கிற கிருமிகள், காற்றும் ஈரமும் சாணமும் கிடைத்தால் பெருகி, டீசலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கும். அதற்குத்தான் கிளறல், அதற்குத்தான் புட்டுப் பக்குவம். விருந்துக்கு அழைத்து விஷம் வைத்திருக்கிறேன்.

செ.: "ஆளுகளை வேலைக்கு வச்ச. மறுநாளே கொன்னும் போட்ட." அவர் சிரிக்கவில்லை.

மேல் மண்ணை வழித்துத் தனியே போட வேண்டும். நடுவில் உயிர் இருக்கலாம்; இருந்தால் சூடு திரும்புமாம். புதுச் சாணம் கலந்து இரண்டு வாரம் பார்க்க வேண்டுமாம். மழை இரண்டு வாரம் பொறுக்குமா?

அக்டோபர் 14, செவ்வாய்

பொறுக்கவில்லை. விடிந்ததும் கொட்டியது. மூடியிருந்தும் குழி நிறைந்து, மேலே ஏழு நிறத்தில் எண்ணெய்ப் படலம். பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஓ. சேச்சி கிணற்றில் வாளி இறங்குகிற சத்தம்.

மதிலைப் பிடித்துக் கத்தினேன்: "சேச்சி, தண்ணி கோராதீங்க!"

எல்லாம் சொன்னேன். டிரம், குழி, புளுகு, பிளீச்சிங். சேச்சி வாளியை மேலே இழுத்தார். பிறகு:

"இத்தர நாள் நீ எந்தா பறயாதிருந்நது?"

சேச்சியே தொடர்ந்தார்:

"தமாசு பறயான் வாயுண்டு. காரியம் பறயான் வாயில்ல."

வாளியைக் கயிற்றோடு சுருட்டி மதில் மேல் வைத்தார். "கிணறு நன்னாவும் வரெ வெள்ளம் நீ கொண்டு வா."

டீச்சர் வந்து கிணற்றுத் தண்ணீர் எடுத்துப் போனார். முடிவு வெள்ளிக்கிழமை.

அக்டோபர் 15, புதன்

மழை இல்லை, இருட்டு மட்டும். குவியலின் நடுவில் முழங்கை வரை கையை விட்டேன். மண்ணின் சூடா, என் கையின் சூடா, தெரியவில்லை. செ.யையும் விடச் சொன்னேன். அவருக்கும் தெரியவில்லை.

காலைக்கு ஆறு குடம், மகள் குளிக்க இரண்டு. ஓ. சேச்சி வாசலில் நின்று எண்ணினார். கடைசிக் குடத்தை இறக்கியதும் சொன்னார்:

"ஒரெண்ணம் குறவாணு."

சரியாகத்தான் எட்டு. இருக்கட்டும். இன்னொரு குடம் எடுக்கப் போகிறேன்.