மூன்று வரிக்கு மேல் திறக்காத மகள்

அன்பு மகளே,

இங்கே உன் அம்மா சுகம், நான் சுகம், என் வயிற்றெரிச்சல் எங்கள் இருவரையும்விடக் கொழுகொழுவென்று சுகம். நீ எப்படியிருக்கிறாய் என்று தலை முதல் கால் வரை ஒன்று விடாமல் எழுது, முக்கியமாகக் கால். அந்தக் கதைக்குத்தான் வருகிறேன். ஈரேழு பதினாலு உலகத்திலும் இதை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று என் வழுக்கைத் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன்.

நீ வாராவாரம் எழுதுகிற அந்த இணைய இதழை என் போனில் திறந்தால் மூன்றே மூன்று வரி தெரிகிறது. நாலாவது வரியில் இதழ்க்காரன் படாரென்று கதவைச் சாத்திவிட்டு, விளம்பரத் தடுப்பானை நிறுத்து, இல்லாவிட்டால் சந்தா கட்டு என்கிறான். அந்தத் தடுப்பானைப் போட்டது யார்? போன தடவை வந்தபோது நீதான், இனிமே ஒரு விளம்பரமும் உங்களத் தொடாதுப்பா என்று பெருமையாகப் போட்டுக் கொடுத்தாய். விளம்பரத்தோடு சேர்த்து நீயும் வெளியே நிற்கிறாய். சந்தாவா? உனக்கு முதல் வார்த்தை சொல்லிக்கொடுத்தவன் நான், உன் வார்த்தையைப் படிக்க நானே காசு கட்டுவதா என்று மீசையை முறுக்கிக்கொண்டு தடுப்பானை நிறுத்தினேன். அவ்வளவுதான், அணை உடைந்தது. உன் முதல் பத்தியின்மேல் ஒரு மெத்தைக்காரன் ஏறிப் படுத்துவிட்டான். அவனைத் தள்ளினால் மூட்டு எண்ணெய்க்காரி பாடிக்கொண்டே வருகிறாள். மூடுவதற்கு வைத்திருக்கிற பெருக்கல் குறி கடுகளவு, அதைத் தொடப்போனால் ஓடுகிறது, நான் வீட்டை மூன்று சுற்று சுற்றி அதைத் துரத்தினேன். கடைசியில் வழுக்கைக்குத் தைலம் விற்கிறவன் ஒருவன் நடுப் பக்கத்தில் உட்கார்ந்தான் பார், எழுந்திருக்கவே இல்லை. அவனுக்கு அடியில் நீ என்ன எழுதியிருந்தாய் என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

இது போதாதென்று தெருமுனைச் சலூன்காரர், உனக்கு முதன்முதலாகக் கிராப் வெட்டியவர், அவர் சந்தா கட்டியிருக்கிறார்! எதற்கய்யா என்று கேட்டால், பாப்பா எழுதுறதச் சும்மா படிக்கலாமாண்ணே, அதுவும் சாப்பிட வேணாமா என்கிறார். என்னைக் குத்துவதற்கென்றே கத்தரியைச் சாணை பிடித்து வைத்திருக்கிறார். வெட்டிக்கொண்டே உன் கட்டுரையை உரக்கப் படிக்கிறார், நாற்காலியில் இருப்பவன் சிரிக்கிறான், பெஞ்சில் இருப்பவன் அழுகிறான், வரிசை பஸ் நிறுத்தம் வரைக்கும் நிற்கிறது, மொட்டை அடித்தவன்கூட முடிவெட்ட வந்து நிற்கிறான். நீ அங்கே என்ன சாப்பிடுகிறாய், மேல்வீட்டுக்காரி உன்னோடு ஏன் சண்டை போட்டாள், எல்லாம் அவருக்கு அத்துப்படி. என் மகளைப் பற்றி நான் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். வெட்ட ஒரு முடி இல்லாத தலையோடு ஒரே மாதத்தில் நாலு தடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். நாலாவது தடவை, துண்டைக் கழுத்தில் சுற்றும்போது, பாப்பாவுக்கு மாவுக்கட்டுப் பிரிச்சாச்சாண்ணே என்று கேட்டார். ஓ, பிரிச்சாச்சே என்று சிரித்தேன். எந்தக் கையா, எந்தக் காலா, ஒன்றும் தெரியாது.

வீட்டுக்கு ஓடிவந்து உன் அம்மாவிடம் மூச்சு வாங்கச் சொன்னால், அவள் வெங்காயத்திலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. கணுக்கால்தான், பஸ்லேர்ந்து இறங்கும்போது புரண்டுடுச்சு, இப்ப நல்லா நடக்குறா என்கிறாள். நீ எழுத ஆரம்பித்த அன்றைக்கே அவள் சந்தா கட்டிவிட்டாளாம்! எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை என்று குதித்தேன். உங்ககிட்டச் சொன்னா கணுக்கால் சாயங்காலத்துக்குள்ள ரெண்டு காலும் போச்சுன்னு ஆயிடும், தெருவே வந்து துக்கம் விசாரிக்கும், அதான் அப்பாவுக்குத் தெரிய வேணாம்னு அவதான் சொன்னா, நீங்க காசு கட்டிப் படிக்க மாட்டீங்கங்கிற தைரியத்துலதான் எழுதவே செஞ்சா என்றாள். சலூன்காரர்மேல் இருந்த பொறாமை அப்படியே திரும்பி அடுப்படியில் நின்றது. கோபப்படத்தான் பார்த்தேன், முடியவில்லை. நீ சொன்னது சரிதானே.

அதனால் நேற்று சந்தா கட்டிவிட்டேன். ஒரு விளம்பரம் இல்லாமல், அந்தத் தைலக்காரன் உட்கார்ந்திருந்த இடத்தில் உன் கணுக்கால் இருந்தது. இரண்டு தடவை படித்தேன். இனி நீ எனக்கு ஒரு தும்மலைச் சொன்னால் அது ஒரு தும்மலாகவே தெருவுக்குப் போகும், ஒன்றேகால் ஆனால் என்னைக் கேள். ஆனால் முதலில் எனக்குச் சொல், சலூனுக்கு அப்புறம் போகட்டும்.

பஸ் முழுக்க நின்ற பிறகு இறங்கு. செருப்பு தேய்ந்திருந்தால் மாற்று. நீ எழுதுகிறதெல்லாம் உனக்குச் சோறு போடட்டும், நீ நடக்கிற தரையெல்லாம் உனக்குச் சமமாக இருக்கட்டும் என்று இரண்டு பேரும் வாழ்த்துகிறோம். சந்தா வருஷா வருஷம் தானாகவே புதுப்பித்துக்கொள்ளுமா, இல்லை நான்தான் கட்டவேண்டுமா என்று மறக்காமல் எழுது.

மேலே சொன்னதில் மெத்தைக்காரனை நம்பாதே, பஸ் நிறுத்தம் வரைக்கும் நின்ற வரிசையையும் நம்பாதே. ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். பிரிச்சாச்சே என்று சிரித்தேன் அல்லவா, அதற்கப்புறம் அந்தத் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன். என்னண்ணே ஆச்சு என்று கேட்டதற்கு, சோப்பு நுரை கண்ணில் பட்டுவிட்டது என்றேன். அவர் இன்னும் நுரையே போடவில்லை.

இப்படிக்கு,
தெருவுக்குப் புளுகு மாமா,
உனக்கு அப்பா.