குவாரல்சம் என்றால் தைரியசாலி

தாராவி, பம்பாய்
18-8-1965

அன்புள்ள செண்பகவல்லிக்கு,

முருகம்மாள் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரரும் சுகம். கல்கத்தாவில் நீயும் உன் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மழை இன்னும் விடவில்லை. சந்துத் தண்ணீர் வாசற்படி ஏறிவிட்டது. அரிசிப் பானையைப் பரண்மேல் தூக்கி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். எப்போதும் எனக்குக் கடிதம் எழுதித் தரும் கணேசபாண்டியனிடம் போகவில்லை. எழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. இனி என் பேச்சை வேறொருவர் வாயில் கொடுப்பதாக இல்லை.

போன வாரம் ஆண்டாப் ஹில் பக்கம் ஒரு சோப்புக் கம்பெனியில் பாக்கிங்குக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஒரு பார்சி அம்மாள் இந்தியில் விசாரித்தார்கள். செம்பூர் மருந்துக் கம்பெனியில் இருந்தேன் என்றேன். ஏன் நின்றாய் என்று கேட்டார்கள். அதையெல்லாம் விளக்க என் பஜார் இந்தி போதாது. நம்மைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லிவைப்போம் என்று நிமிர்ந்து நின்று, "மேம்சாப், ஹம் குவாரல்சம். பகுத் அக்ரஸிவ்" என்றேன்.

அந்த அம்மாள் சிரித்துவிட்டார்கள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அங்கே இருக்கும் மாதுங்காத் தமிழர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். சுப்ரமணியன் என்று பெயர், கிளார்க். அவர் என்னை வராந்தாவுக்கு அழைத்துப்போய், "ஏம்மா, இதெல்லாம் யாரு சொல்லிக்கொடுத்தா? வேலை கேக்க வந்த எடத்துல சொல்லப்படாத வார்த்தையாச்சே" என்றார். அர்த்தம் கேட்டேன். சொல்லவே கூசினார். "குவாரல்சம்னா எதுக்கெடுத்தாலும் சண்டைக்கு நிக்கறவ. அக்ரஸிவ்னா அடிக்கற மாதிரி மேல பாயறவ."

"இல்ல சார், தைரியசாலின்னு அர்த்தம். எங்க ஊர்க்காரி சொன்னா" என்று அவரிடமே வாதாடினேன், செண்பகம். அவர் முகத்தைத் திருப்பி மழையைப் பார்த்தார்.

செம்பூர்க் கம்பெனியில் மேனேஜர் துரையின் அறையில் நாம் நின்றது உனக்கு மறந்திருக்காது. சூப்பர்வைசர் நம் பேராச்சியை ஸ்டோர் ரூமில் கையைப் பிடித்து இழுத்ததற்கு நான் சத்தம் போட்டேன். அதற்கு என்மேல் விசாரணை. அந்த வெள்ளைக்காரருக்கு இந்தியும் தெரியாது. என் பேச்சை இங்கிலீஷில் யார் சொல்வது என்று கேட்டபோது, இங்கிலீஷ் தெரிந்த உன்னைக் கைகாட்டியது நான்தான்.

"அய்யா, இந்தப் புள்ள அழுதுக்கிட்டே ஓடி வந்தா. பின்னாலயே இவரு வந்தாரு. 'ஏம்யா, உமக்கும் பொட்டப்புள்ள இருக்குல்லா'ன்னு கேட்டேன். அடிக்கல, அசிங்கமா ஏசல." இவ்வளவும் சொன்னேன். நீ சொன்னது கொஞ்சம்தான். இங்கிலீஷில் எல்லாம் சுருக்கமாக வரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதில் இரண்டு வார்த்தை மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. வெளியே வந்ததும், "என்னளா சொன்ன?" என்று கேட்டேன். "நீ தைரியசாலி, யாருக்கும் பயப்படாதவன்னு சொன்னேன்க்கா" என்றாய்.

மறுநாளே வேலை போயிற்று. துரைதான் கல்நெஞ்சக்காரர் என்று இருந்தேன். நீ அழுதாய். "நீ என்ன செய்வ, விடு" என்று உன் கண்ணைத் துடைத்தேன். கல்கத்தா வண்டிக்கு இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டிக்கொண்டு வி.டி. ஸ்டேஷன் வரை வந்தேன். அங்கேயும் அழுதாய். பிரிகிற துக்கம் என்று நினைத்தேன்.

கம்பெனியின் கல்கத்தா ஆபீசுக்கு உனக்கு மாற்றல் கிடைக்கச் சிபாரிசு செய்தது அந்த சூப்பர்வைசர்தானாம். பேராச்சி நேற்று சொன்னாள். கல்யாணமாகியும் புருஷனை விட்டு இங்கே தனியாக நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். என்னிடம் சொல்லியிருந்தால் அந்த அறைக்கு உன்னைக் கூப்பிட்டிருக்கவே மாட்டேன்.

நான் சண்டைக்காரிதான். குழாயடியில் என்னிடம் வாய் கொடுக்க ஆள் கிடையாது. அதைத் தமிழில் என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் உன்னை நாலு ஏச்சு ஏசிவிட்டு மறுநாள் பேசியிருப்பேன். எனக்குப் பதில் சொல்லத் தெரியாத பாஷையில் சொன்னாய். அதையே பூ மாதிரி என் தலையிலும் வைத்துவிட்டாய். என் வீட்டுக்காரர் தோல் ஷாப்பில் எல்லோரிடமும் "எம் பொண்டாட்டி அக்ரஸிவ்" என்று பெருமை அடித்துக்கொண்டு திரிகிறார். இன்றைக்குக் காலையிலும் சொன்னார். அவரிடம் இன்னும் உடைக்கவில்லை. எப்படிச் சொல்வது என்று நீயே சொல்.

எனக்கு அந்த வேலை திரும்ப வேண்டாம். ஆனால் பேராச்சி இன்னும் அந்த ஆளிடம்தான் வேலை பார்க்கிறாள். தகப்பன் படுத்த படுக்கையாக இருக்கிறான், அவளால் வேலையை விட முடியாது. வாயைத் திறக்கிற பெண்களிடம் அந்த ஆள் என் பெயரைச் சொல்லி மிரட்டுகிறானாம். அன்றைக்கு நான் சொன்னதை மேலே அப்படியே எழுதியிருக்கிறேன். அதை இங்கிலீஷில் எழுதித் துரைக்கு அனுப்பு. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். வேறு யார் சொன்னாலும் அவர் நம்பமாட்டார். நீ சொன்னதை நீ மாற்றிச் சொன்னால்தான் கேட்பார். உனக்கு அதனால் கெடுதல் வரலாம் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

நீ முழுகாமல் இருப்பதாக உன் அம்மா எழுதியிருந்தார்கள். கனமான எதையும் தூக்காதே. சுகப்பிரசவம் ஆகட்டும். பெண்ணாகப் பிறந்தால் உனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அத்தனையும் அவளுக்குச் சொல்லிக்கொடு. எந்த துரை முன்னால் நின்றாலும் தன் பேச்சை அவளே பேசட்டும். நீண்ட ஆயுசோடு இருக்கட்டும்.

உன்னை இன்னும் செண்பகம் என்றே கூப்பிட வருகிற,
முருகம்மாள்