மார்பின் மேல் பொடித்தட்டு

லண்டன்
பிப்ரவரி 6, 1884

அன்புள்ள சபீனா அக்காவுக்கு,

நலம். உன் நலமறிய ஆவல். நான் வேலை செய்யும் ஆங்கில அகராதியில் ‘ஸ்னஃப்’ என்ற சொல்லை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். மூக்கால் உறிஞ்சுவதற்கு டச்சுக்காரர்கள் சொன்ன சொல்லிலிருந்து மூக்குப்பொடிக்கு இந்தப் பெயர் வந்ததாம். ஆங்கிலத்தில் அதற்கும் முன்பே மெழுகுத்திரியின் கரிந்த நுனிக்கு இதே பெயர். பொசுக்கென்று கோபித்துக்கொள்வதற்கும் இதுதான்.

நம் அயர்லாந்துக் கடற்கரையில் சாவு வீட்டில் பிணத்தின் மார்பில் பொடித்தட்டு வைப்பார்களே, அதில் பொடி எடுக்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? மறந்துவிட்டது. உடனே எழுது.

உன் தம்பி,
மலாக்கி

கானமாரா
பிப்ரவரி 15

அன்புள்ள தம்பி மலாக்கிக்கு,

இதையுமா மறந்தாய்? ஒரு சிட்டிகை எடுத்து, “ஆண்டவரே, இந்த ஆன்மாவுக்கு நித்திய இளைப்பாற்றி தாரும்” என்று சொல்லி உறிஞ்ச வேண்டும். பகையாளியும் எடுப்பான். எடுக்காமல் போனால் செத்தவரை அவமதித்தது போல.

நீ அப்பாவைப் பற்றி ஒரு வரி கேட்கவில்லை. இருமலில் ரத்தம் வருகிறது. பங்குச் சாமியார் வந்து சாகப்போகிறவர்களுக்குப் பூசும் எண்ணெயைப் பூசிவிட்டுப் போனார். “இனி என் வாசப்படி மிதிக்காதே” என்று உன்னைத் துரத்திய மனிதர், இப்போது கதவு அசைந்தால் தலையைத் தூக்குகிறார். “லண்டன் துரை எப்ப வாராராம்? உருளைக்கெழங்கு தின்னா அவருக்கு இன்னும் செரிக்குமா?” என்று கேலி செய்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். அழுகிறார், மலாக்கி. உயிர் இருக்கும்போதே வந்து முகத்தைக் காட்டு.

உன் அக்கா,
சபீனா

லண்டன்
பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதியது பெரிதும் உதவியது. ஈஸ்டர் வரை இங்கிருந்து நகர முடியாது. அச்சுக்காரர்கள் கழுத்தைப் பிடிக்கிறார்கள். இந்தக் கடிதத்துடன் ஒரு டப்பா உயர்ந்த பொடி அனுப்புகிறேன். அப்பாவின் சாவுக்கு உதவும். ஊர் குறை சொல்லாது. அவர் கண்ணில் படாமல் எடுத்து வை.

மலாக்கி

கானமாரா
மார்ச் 12

மலாக்கி,

நான் கடற்பாசி அள்ளப் போயிருந்தேன். தபால்காரர் கோலி உன் பொட்டலத்தை அப்பா கையில் கொடுத்துவிட்டார். “எம் மவன் அனுப்பிருக்கான், பாத்தியா!” என்று அப்பா அவரிடம் சொல்லிச் சிரித்தாராம். உள்ளே இருந்த கடிதத்தைப் படிக்கச் சொன்னாராம். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. கோலி முழுவதையும் படித்துவிட்டார். பாதியில் நிறுத்தத் தோன்றவில்லை என்று என்னிடம் அழுதார்.

நான் திரும்பியபோது டப்பா திறந்திருந்தது. அப்பா ஒரு சிட்டிகை எடுத்து, “ஆண்டவரே, எம் மவன் மலாக்கி ஆன்மாவுக்கு நித்திய இளைப்பாற்றி தாரும்” என்றார்.

“அப்பா, அவன் உசுரோடதானே இருக்கான்!” என்று கத்தினேன்.

“நீ சும்மா இரும்மா” என்றவர், உறிஞ்சிவிட்டு வெகுநேரம் இருமினார். பிறகு உன் பெயரை எடுக்கவேயில்லை. கதவு அசைந்தாலும் தலையைத் தூக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போய்விட்டார். ஊர்க்கடையில் வாங்கிய மட்டப் பொடியைத்தான் அவர் மார்பில் வைத்தேன். மகன் நீ எடுத்து ஏந்த வேண்டிய தட்டை நானே எல்லாரிடமும் நீட்டினேன். ஒருவரும் உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. கோலி ஊருக்குச் சொல்லியிருப்பார்.

உன் டப்பாவைத் திருப்பி அனுப்புகிறேன். ஒரு சிட்டிகை குறையும். அது அப்பா உனக்காக எடுத்தது.

சபீனா