வரப்போற போன்

செப். 22, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. செருப்பு வார் வேறு அறுந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு எதிரே தைத்துக்கொண்டு போனதில் பத்து நிமிடம் தாமதம். சூப்பர்வைசர் பாலு சார் கடிகாரத்தைப் பார்த்தார். வாய் திறந்திருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

புது சர்வே. இனிமேல் கடைக்கு வரப்போகிற போன் பற்றி மக்கள் கருத்து. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேர். பள்ளிக்கூட வேலை போன பிறகு இது மூன்றாவது. முதலில் சோப்பு, அடுத்து கொசுவத்தி, இப்போது போன்.

கேட்க வேண்டியவை:
என்னென்ன இருக்க வேண்டும்
என்ன பேர் வைக்கலாம்
எவ்வளவு கொடுப்பீர்கள்
அவர்களுடைய போன் நம்பர் (கட்டாயம்)

நம்பர் எதற்கென்றால், சென்னை ஆபீஸிலிருந்து சில பேரைக் கூப்பிட்டுச் சரிபார்ப்பார்களாம். நாங்கள் நேரில் போய்க் கேட்டோமா, இல்லை புளியமரத்து நிழலில் உட்கார்ந்து நாங்களே நிரப்பினோமா என்று. எங்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை.

டேப்லெட்டில் ‘வரவிருக்கும் கைபேசி’ என்று போட்டிருக்கிறது. கள்ளக்குறிச்சியில் யார் கைபேசி என்கிறார்கள்? ‘வரப்போற போன்’ என்றே கேட்டுவிடப் போகிறேன்.

செப். 24, புதன்

மழை இல்லை, புழுக்கம். நேற்று தியாகதுருகம், இன்று கச்சிராயபாளையம். தொண்டை கட்டிவிட்டது. சுக்கு வாங்க மறந்தேன்.

டேப்லெட்டில் தட்ட இடமில்லாத பதில்கள், எனக்காக:

வாழைப்பழத் தள்ளுவண்டிக்காரர்: சார்ஜ் மூணு நாள் நிக்கணும். கேமராவா? என் மூஞ்சியை நானே எத்தினி வாட்டி பாக்கறது?

கரும்புக் காட்டுக்காரர், மூக்கில் கண்ணாடி: வாய்க்காலில் விழுந்தாலும் சாகக் கூடாது. போன வருஷம் ஒன்று செத்துவிட்டதாம். ஆள் செத்த மாதிரியே சொன்னார்.

ஜெராக்ஸ் கடை அம்மா, பேசினாலே வேலை செய்யும் கம்ப்யூட்டர் வருகிறது என்றதற்கு: மொதல்ல கரண்ட்டு வரட்டும், அப்புறம் அது பேசட்டும்.

விலை 9,999 என்று போடலாமா என்றதற்கு ஒரு பெரியவர், அந்த ஒரு ரூபாயை யாருக்கு விட்டு வைத்திருக்கிறான் என்று கேட்டார். ‘சம்மதம்’ என்று தட்டினேன்.

பேர்தான் கஷ்டம். ப்ரோ, மேக்ஸ், அல்ட்ரா என்று படித்துக் காட்டினால் முழிக்கிறார்கள். பேர் நீளமாக ஆக ஆக, போன் உழைக்கிறது கம்மியாகிறது என்றார் கரும்புக் காட்டுக்காரர். இன்று சிரித்தது அப்போது மட்டும்தான்.

செப். 26, வெள்ளி

மலை. காலை ஐந்தரை பஸ். வளைவில் இரண்டு பேர் வாந்தி, ஒருத்தர் என் பைக்குப் பக்கத்தில். வெள்ளிமலையில் இறங்கி நாலு கிலோமீட்டர் நடை. மேலே நல்ல பனி, சால்வை எடுக்கவில்லை.

ஊருக்குள் டவர் கிடையாது. ஊருக்குப் பின்னால் ஒரு பாறை, அதன் மேல் ஏறினால் ஒரு கோடு, இரண்டு கோடு வருகிறது. பாறைக்குப் பேரே டவர் பாறை. என்ன வேண்டும் என்றால் எல்லோரும் டவர் வேண்டும் என்கிறார்கள். அது போனில் வராது, கம்பத்தில் வரும் என்று பதினொரு தடவை விளக்கினேன். பதினொரு தடவையும், அப்ப போன் எதுக்கு என்றார்கள்.

பன்னிரண்டாவது ஆள் பச்சையம்மா. ஐம்பது வயதிருக்கும். மரவள்ளிக் காட்டில் களை எடுத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒருத்திதான், இரண்டு ஆடு. பட்டன் போன் ஒன்று, நனையாமல் பாலித்தீன் பையில் முடிந்து இடுப்பில்.

எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. முன்னுரை எதுவும் சொல்லாமல் நேராகக் கேள்விக்குப் போனேன். வரப்போற போனில் என்ன இருக்கணும் அக்கா?

இடுப்பில் இருந்த பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு, “கொரலு நல்லா கேக்கணும் பாப்பா. வேற ஒண்ணும் வேணாம்” என்றாள். ‘ஒலித் தெளிவு’ தட்டினேன்.

இன்னா பேரு? சக்தி, என்றாள். யோசிக்கவே இல்லை.

எவ்வளவு குடுப்பீங்க? ரெண்டு ஆடு நிக்குது, வித்துக் குடுக்கிறேன் என்றாள். விலைக் கட்டத்தில் அதையே அடித்தேன்.

நம்பர் வாங்கினேன். கிளம்பும்போது எப்ப வரும் என்று கேட்டாள். தீபாவளிக்குள்ள வந்துடும், கம்பெனியிலயே சொல்லிட்டாங்க என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. கண் கலங்கியிருந்தது. ஒரு போனுக்கு இவ்வளவு ஆசையா என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. பஸ் போய்விடும் என்று கையை உருவிக்கொண்டு வந்தேன்.

அக். 1, புதன்

காய்ச்சல். மலைக் காற்று. மிளகு ரசம். அம்மா கால்மாட்டில் உட்கார்ந்து, ஊராரை எல்லாம் என்ன வேணும் என்ன வேணும் என்று கேட்கிறாயே, உன்னை ஒருத்தராவது கேட்டார்களா என்றாள். போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

பென்சில் சீவ வேண்டும். கேஸ் சிலிண்டருக்குப் பதிய வேண்டும்.

அக். 6, திங்கள்

வெயில். பாலு சார் டீ வாங்கித் தந்தார். இரண்டு வருஷத்தில் முதல் டீ. மலையில் எடுத்த கடைசி ஃபார்மை மேலிடத்தில் எல்லோரும் பாராட்டினார்களாம். எல்லாரும் கேமரா, கேமரா என்கிறபோது ஒரு மலையம்மா குரலைக் கேட்கிறாள், ஆட்டை விற்றாவது வாங்குவேன் என்கிறாள் என்று மீட்டிங்கில் படித்தார்களாம். ‘சக்தி’ என்ற பேர் பரிசீலனைப் பட்டியலில் ஏறிவிட்டது. சின்னது, எந்த ஊரிலும் வாயில் நுழையும் என்றார்.

பச்சையம்மா போனும் கையுமாக நிற்கிற மாதிரி ஒரு போட்டோ வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை போய் எடுத்து வரச் சொன்னார்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. எழுதிவைக்கிறேன், பிறகு இல்லை என்று சொல்லக் கூடாது.

அக். 12, ஞாயிறு

இதை எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமல் படுக்கவும் முடியவில்லை.

வெள்ளிமலையில் டீ குடித்தேன். பச்சையம்மா ஊரில் இருப்பாளா என்று டீக்கடைக்காரரைக் கேட்டேன். அவர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “அது வேலைக்கே போறதில்லீங்க. டவர் பாறை மேல குந்திக்கினு கீது. யாரோ ஒரு பொண்ணு வந்து, தீபாவளிக்குள்ள சக்தி போன் வரும்னு சொல்லிட்டுப் போச்சாம்.”

சக்தி யார் என்று கேட்டேன். அதோட புள்ள, என்றார்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நான் கேட்டது வரப்போகிற போன். அவள் கேட்டதும் வரப்போகிற போன்தான். மகன் பண்ணப்போகிற போன். குரல் நல்லாக் கேட்கணும். பேர் சக்தி. எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கிறேன். எப்ப வரும்? நானும் தேதி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், மகராசி.

நாலு கிலோமீட்டரும் எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. பாறை மேல் தலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். போன் மடியில். என்னைப் பார்த்ததும் எழுந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து நோட்டுகளை நீட்டினாள். ஒரு ஆட்டை விற்றாயிற்றாம், இன்னொன்றுக்கு ஆள் வருகிறதாம். கம்பெனியில் கட்டிவிடச் சொன்னாள்.

வாங்கவில்லை. உட்காரவைத்தேன். அவளாகவே சொன்னாள். சக்தி தை மாதம் ஆந்திரா பக்கம் போனான், கூட மூன்று பேர். மாசியில் ஒரு தடவை பேசினான், குரல் விட்டு விட்டுத்தான் கேட்டதாம். அதன் பிறகு இல்லை. கூடப் போனவர்களும் திரும்பவில்லை. என்ன வேலை என்று அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. இந்த மலையில் ஆந்திரா என்று சொன்னால் செம்மரம் வெட்டத்தான், அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

சொல்லாமல் இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அந்த ஆள் இன்னொரு ஆட்டுக்கு வந்துவிடுவான் என்ற ஒன்றுதான் என்னைப் பேசவைத்தது.

“அக்கா, நான் கேட்டது கடையில விக்கப்போற புதுப் போனு. சக்தி பண்ற போன் இல்ல. அவனப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது.”

கம்பெனிலேர்ந்து சொன்னாங்கன்னியே, என்றாள். புதுப் போன் வரும் என்றுதான் சொன்னார்கள் என்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம். நோட்டுகளைத் திரும்ப முடிந்துகொண்டாள். பிறகு சொன்னாள்:

“அப்ப அந்தப் பேர அழிச்சிடு பாப்பா. கடையில விக்கிற சாமானுக்கு எம்புள்ள பேரு வேணாம்.”

அனுப்பிய ஃபார்மை நான் திறக்கக்கூட முடியாது. டேப்லெட்டை அவள் பக்கம் திருப்பி, எதையோ தட்டி, அழிச்சிட்டேன் என்றேன். எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

மழை வரப்போகிறது, வீட்டுக்குப் போகலாம் வாங்க என்றேன். நீ போ பாப்பா, நான் வரேன் என்றாள். திருப்பத்தில் திரும்பிப் பார்த்தேன். பாறையிலேயேதான் இருந்தாள்.

போட்டோ எடுக்கவில்லை. பஸ்ஸில் கச்சிராயபாளையம் வரை அழுதேன். கண்டக்டர் சில்லறை பாக்கியைக் கேட்காமலே கொடுத்தார்.

அக். 14, செவ்வாய்

நேற்று பாலு சார் விழுப்புரம் போய்விட்டார், போனை எடுக்கவில்லை. இன்று ஒன்பது மணிக்கே ஆபீஸ் வாசலில் நின்றேன். மழை. குடை மடங்கிவிட்டது, புதுசு வாங்க வேண்டும்.

அந்த ஃபார்மை எடுத்துவிடுங்கள், பேரையும் எடுத்துவிடுங்கள், அந்த நம்பருக்கு யாரும் கூப்பிட வேண்டாம் என்று ஒரே மூச்சில் சொன்னேன். வழியெல்லாம் அந்தக் கடைசி விஷயம்தான் மண்டையில் ஓடியது. சரிபார்க்கிறவர்கள் கூப்பிட்டால்?

பாலு சார் சிரித்தார். பயப்படாதீங்க மேடம், நேத்து காலையிலயே கூப்பிட்டு முடிச்சிட்டாங்க என்றார். பத்தரை மணி. முதல் ரிங்கிலேயே எடுத்தார்களாம்.

பத்தரை மணிக்குக் காட்டில் இருக்க வேண்டியவள். அதுவும் நான் போய் எல்லாம் சொல்லிவிட்டு வந்த மறுநாள்.

“ஃபார்ம் பக்கா மேடம். எடுத்ததுமே அந்தம்மா ‘சக்தியா?’ன்னுதான் கேட்டிருக்கு. நம்ம ஆளு கேள்வியே கேக்கல. பேரு ஒத்துப்போச்சு.”

அந்த ஆள் பதிலுக்கு என்ன சொன்னான் என்று கேட்டேன்.

“இன்னா சொல்லுவான்? ‘ஆமாம்மா, சக்திதான்’னு சொல்லிட்டு வச்சிட்டான்.”